மூன்று டாலர்

டக்கோட்டாப் பக்கத்துக் காற்று வந்து முட்டும்
எங்கள் ஓகடீனாவில்
பனிநாளில் தெருவை அடைத்துக் காரை நிறுத்தினால்
அபராதம் மூன்று டாலர்.
அறுபத்தொன்றில் தலைநகரம் போட்ட தொகை.
அதை நான்காக்க வேண்டுமானால்
முந்நூறு மைல் தள்ளி, ஊரின் பெயரையே
தப்பாய் உச்சரிக்கும் அவையில்
ஒரு மசோதா நிறைவேற வேண்டும்.
இரண்டு முறை அனுப்பினோம்.
ஒன்று குழுவில் உறங்கிப்போனது.
மற்றதற்குப் பதில் வந்தது,
வேறோர் ஊருக்கு.

தீயணைப்பு நிலையத்தில் வாக்குச்சாவடி.
வண்டியை வெளியே மழையில் விட்டுவிட்டு
அது நின்ற எண்ணெய்க்கறை மேல்
ஐந்து மறைப்புகள் வைத்தோம்.
நான் நகர எழுத்தரின் உதவியாள்.
கழுத்தட்டையில் இளவெயினி,
ஊருக்கு எல்வி.

நான்காம் கேள்வி தாளின் பின்புறம்.
ஒரே வாக்கியம், பதினொரு வரி:
தடைசெய்யப்படாத எதையும் செய்வதினின்று
நகராட்சிகள் தடுக்கப்படலாகாது என்பதை...
பெரும்பாலோர் தாளைத் திருப்பவேயில்லை.
திருப்பியவர்கள் என்னிடம் வந்தார்கள்:
"ஆமாம் என்றால் ஆமாமா, இல்லையா?"
நான் சொல்லக் கூடாது. சட்டம்.
தலைப்பு மட்டும் தெளிவாய் இருந்தது, ஹோம் ரூல்.
வீடு, என்று மனத்துக்குள் பெயர்த்துக்கொண்டேன்.
எங்கள் மொழியிலும் நான்காவதாய் வருவது வீடுதான்.
அங்கும் அதுவரை போனவர்கள் குறைவு.

மாலை ஐந்தரைக்கு கெர்டா லிண்ட்க்விஸ்ட் வந்தாள்.

போன பிப்ரவரியில் மேப்பிள் தெருவின்
இருபுறமும் மூன்று டாலர் கார்கள்.
பனி வழிக்கும் வண்டி நுழையவில்லை,
அதன் பின்னால் வந்த ஆம்புலன்சும்.
அவள் கணவன் ஓரெனைத்
தூக்கிக்கொண்டு நடந்தார்கள், கடைசி நானூறு அடி.
அதற்குமேல் எழுதப்போவதில்லை.

கெர்டா தாளைத் திருப்பிய சத்தம்
என் மேசைக்குக் கேட்டது.
நெடுநேரம் நின்றாள்.
போகிறபோது குனிந்து,
"அதிகாரம் உங்கள் கைக்கே வந்துவிட்டால்
டெல்பர்ட் தன் மைத்துனன் காருக்குச்
சீட்டுக் கிழிப்பானா?" என்றாள்.
டெல்பர்ட் எங்கள் மேயர்.
அன்று தெருமுனையில் நின்ற முதல் கார்
அந்த மைத்துனனுடையது.
இதற்கும் நான் பதில் சொல்லவில்லை.
இதைத் தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை.

எங்கள் ஊரில் ஒன்பது வாக்கில் வென்றது.
மாநிலத்தில் தோற்றது.
அந்த ஒன்பதில் கெர்டா உண்டா, தெரியாது.

இன்று முதல் பனி.
மூன்றாம் மசோதாவுக்குக் கடிதம் அடித்து
உறைமேல் ஊர்ப்பெயரை
எழுத்தெழுத்தாய்ப் பிரித்து எழுதுகிறேன்.
சன்னலுக்கு வெளியே
மைத்துனன் காரை நிறுத்தி இறங்குகிறான்.
கண்ணாடித் துடைப்பானுக்கடியில்
அவனாகவே மூன்று டாலரைச் செருகிவிட்டு
காப்பி குடிக்கப் போகிறான்.