கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால்
எங்கள் கிளை நூலகத்துக்கு வாசகர் வருவார்கள்.
ஃபேன் காற்றுக்கு, தினத்தாளுக்கு,
சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போகும்வரை.

அந்த ஐப்பசியில் தெருவுக்குத் தெரு டெங்கு.
ராசிபலன் தொங்கிய ஆணியில்
என் கையெழுத்தில் ஒரு தாள் மாட்டினேன்:
காய்ச்சல் விடும் நாளில்தான் கவனம் வேண்டும்.
வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால்
உடனே ஆஸ்பத்திரி.
சுகாதார நிலைய டாக்டரம்மா
'ஈறில்' என்பதை அடித்து
'பல் இடுக்கில்' என்று எழுதிவிட்டுப் போனார்.
அதுதான் சரி.

லேப் சீட்டோடும் வந்தார்கள்.
"பிளேட்லெட்னா தட்டா சார்?"
அகராதியைப் புரட்டினேன். தட்டணு.
தட்டுதான், சின்னத் தட்டு.
எண்ணுக்குப் பலன் சொல்ல நான் ஆளில்லை;
டாக்டரிடம் கேட்க மூன்று கேள்வி
சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

மினிலாரி ஓட்டும் அற்புதசாமி
விளையாட்டுப் பக்கத்துக்குக் கை நீட்டியவர்
ஆணியைப் பார்த்து நின்றார்.
"புள்ளைக்கு நேத்தே விட்டுடுச்சு.
வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டு கெடக்கா.
சூடு இல்லியேன்னு..."
பேப்பரை மடிக்காமல் ஓடினார்.

கேட் திறந்தது.
வண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நகர்ந்தன.
கண்ணாடியைத் துடைத்தேன்,
மறுபடியும் துடைத்தேன்.

பதினோராம் நாள் அவள் வந்தாள்,
புறங்கையில் பிளாஸ்திரி உரித்த தடம்.
தாளை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள்.
"ஆஸ்பத்திரில ஒரு புள்ளி விட்டுட்டீங்க."
பேனாவை நீட்டினேன்.