வருகைப் பதிவு

சோஹார் மீன்வள அலுவலகம், இரண்டாம் மாடி.
ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா கூடாதா,
ஆறு பேர், இரண்டு மணி நேரமாக.
மூன்று முறை உள்ளே போய் வந்துவிட்டேன்
தட்டோடு.

என்னை யாரும் கேட்கவில்லை.
நான் அரசு ஊழியன் அல்ல,
துடைப்பமும் டீயும் சப்ளை செய்யும் கம்பெனியின் ஆள்.
ஆனால் இந்தக் கட்டடத்தில்
யார் இருந்தார்,
யார் இருந்ததுபோல் இருந்தார் என்பது
விரல்ரேகை மெஷினைவிட எனக்குத் தெரியும்.

இயக்குநர் கல்ஃபான் சொல்கிறார்:
கண்முன் இல்லாதவன் வேலை செய்கிறான் என்று
எப்படி நம்புவது?
நான் சர்க்கரையைக் கலக்குகிறேன்,
அது கரைந்து வெகுநேரமாகியும்.

பன்னிரண்டாம் மேசை ஹிலாலிடம்
இரண்டு தொப்பிகள்.
தலைத்தொப்பி ஒன்பதரைக்கே கிளம்பிவிடும்
பேரீச்சந்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச.
மேசைத்தொப்பி இரண்டரை வரை
அரசாங்கத்துக்காக உழைக்கும்.
அதன் பக்கத்தில் மணிக்கொரு தரம்
ஆறிய டீயை எடுத்துவிட்டு
சூடாய் ஒன்று வைப்பது என் பொறுப்பு,
மாதம் இரண்டு ரியால்.
யாராவது எட்டிப் பார்த்தால்
ஆள் இருக்காது,
ஆவி இருக்கும்.
நான் வாய் திறந்து
ஒரு பொய்யும் சொன்னதில்லை.

பத்ரியாவுக்கு மாற்றுத் தொப்பி கிடையாது.
பிள்ளைக்கு ஐந்து மாதம்.
வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து,
சோதனை முயற்சி என்று பெயர்.
போன செவ்வாய் சஹமிலிருந்து ஒரு மீனவர்,
படகு உரிமத்துக்கு.
விடிகாலை நான்கு மணிக்கே, பிள்ளை விழித்த நேரத்தில்,
கம்ப்யூட்டரில் அவள் எல்லாம் முடித்திருந்தாள்.
ஆனால் துறைமுக வாசலில் காகிதம் கேட்பார்கள்,
காகிதத்தில் வட்ட முத்திரை கேட்பார்கள்,
முத்திரையோ அவள் இழுப்பறையில்.

வீடியோவில் கூப்பிட்டாள்.
மரியசூசை, சாவி பேனாக் கிண்ணத்தில்.
பார்த்து அழுத்து,
தலைகீழாய் விழுந்துவிடப் போகிறது.

அழுத்தினேன்.
அரை வினாடி
நான்தான் அரசாங்கம்.

மீனவர் கேட்டார், நீ யார்?
டீ, என்றேன்.
அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

போனை வைக்குமுன் பத்ரியா,
அடுப்பில் ஏதோ கொதிக்க, இடுப்பில் பிள்ளை சிணுங்க,
ஏலக்காய் எப்போது போடுவாய், என்றாள்,
பாலுக்கு முன்பா, பின்பா?
முன்பு, என்றேன். தட்டிப் போடுங்கள்,
முழுசாகப் போட்டால் வராது.

கட்டைவிரல் ஊதா நிறம்
இரண்டு நாள் போகவில்லை.

கூட்டம் முடிந்தது.
வியாழக்கிழமைகளில் எல்லோரும் வீட்டிலிருந்து.
எங்கள் சூப்பர்வைசர் அன்றே மெசேஜ் போட்டார்:
வியாழன் ஆள் இல்லை, அதனால் டீ இல்லை,
டீ இல்லாததால் நீ இல்லை,
நீ இல்லாததால் நான்கு நாள் பிடித்தம்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நானும் வீட்டிலிருந்து வேலைக்கு வந்தவன்தான்,
வந்து பதினொரு வருடம்.
இங்கே எனக்கு இருப்பது
எட்டுப் பேர் அறையில் மேல்கட்டில்,
விசிறி இறக்கைக்கு ஒரு முழம் கீழே.

புதன் சாயங்காலம் ஹிலால் வந்தார்.
முகத்தில் தூக்கமில்லை.
வீட்டிலிருந்தால்
பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியணுமாம்,
ஐந்து நிமிடம் மௌஸ் அசையாவிட்டால்
மஞ்சளாகி இயக்குநருக்குத் தெரிந்துவிடுமாம்.
தொப்பியை வைத்துப் பார்த்தாராம்,
புள்ளி ஏமாறவில்லை.

வியாழன் நீ சும்மாதானே, என்றார்.
மாதம் நான்கு ரியால்.
லேப்டாப் நான் தருகிறேன்.
வெயிலில் அலைய வேண்டாம்,
வீட்டிலிருந்தே செய்யலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்று வியாழன்.
கீழ்க்கட்டிலில் இரவுஷிஃப்ட் முடித்தவன் குறட்டை.
தோட்டத்தில் இந்நேரம்
மூன்றாவது வரிசைக்குத் தண்ணீர் ஏறியிருக்கும்.
வயிற்றின்மேல் லேப்டாப் சுடுகிறது.
ஊதா படிந்த விரலால்
லேசாக அசைக்கிறேன்.

பச்சை.