நிகர நிறை

வலயக் காரியாலயம் புரொஜெக்டர் தந்தது,
திரை தரவில்லை.
கோதுமை மாவுச் சாக்கு நான்கைப் பிரித்து
தரம் எட்டுப் பிள்ளைகள் தைத்தார்கள்.
மூன்று முறை தோய்த்தும் போகாத மை:
நிகர நிறை 50 கி.கி.
எந்தப் படம் போட்டாலும்
அதன் நெற்றியில் வந்து நிற்கும்.

முதல் கிழமை, கொழும்பிலிருந்து வந்த காணொளி.
இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு கார்ட்டூன் வியாபாரி
நூறு ரூபாய்க்குத் தோடம்பழம் வாங்கி
நூற்றி இருபதுக்கு விற்றார்.
இலாபம் இருபது சதவீதம் என்று
மணி அடித்தது, நட்சத்திரம் சிதறியது.
கடைசி வாங்கில் ஒரு கொட்டாவி
மஸ்கெலியாப் பனியைப் போல
வாய்க்கு வாய் இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுவேலையை மாற்றினேன்:
சதவீதம் உங்கள் பக்கம் எங்கே இருக்கிறது?
ஒரு நிமிடத்துக்குள் எடுத்து வாருங்கள்.

புவிதரன் தன் போனைக் கண்ணாடிக்குக் காட்டி
அதன் பேட்டரியையே எடுத்திருந்தான்.
மூன்று, இரண்டு, இருட்டு.
வகுப்பு கைதட்டியது.
அபிலாசினி செருப்புக் கடையில்
அரைவிலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி
அடியில் இருந்த பழைய விலையைக் காட்டினாள்.
இரண்டும் ஒன்றுதான்.

பிறகு கம்சிகாவின் நாற்பத்தேழு வினாடி.
கொழுந்து மடுவம். தராசின் வட்டம்.
தலைக்கயிற்றைக் கழற்றும் ஒரு கை,
முகத்தை அவள் எடுக்கவில்லை.
முள் ஆடுகிறது, ஆடுகிறது,
பத்தொன்பதில் நிற்கிறது.
படத்துக்கு வெளியே ஒரு குரல்:
"பதினாறு."

"டீச்சர், திரும்பப் போடுங்க."
போட்டேன்.
"முள்ளு நிக்கிற இடத்துல நிப்பாட்டுங்க."
நிறுத்தினேன்.
இந்தத் தவணை முழுக்க நிமிராத சிவகாந்தன்
அடிமட்டத்தோடு மேசைமேல் ஏறி
சாக்கின்மேல் கோடுகளை எண்ணினான்.
பத்தொன்பதுதான்.

அப்போது டெனிஸ்டன் சொன்னான்:
"அது எங்கப்பா சத்தம்."

இதை நான் யோசித்திருக்க வேண்டும்.
முப்பத்தொரு பிள்ளைகள், ஒரே மடுவம்,
யாரோ ஒருவருடைய அம்மாவின் கை,
யாரோ ஒருவருடைய அப்பாவின் வாய்.
பட்டறையில் சொல்லித் தந்தார்கள்,
வயரை எப்படி மாட்டுவது,
பிள்ளைகளின் கவனத்தை எப்படி இழுப்பது என்று.
இழுத்த பிறகு என்ன செய்வதென்று
எந்த ஸ்லைடிலும் இல்லை.

சத்தத்தைக் குறைத்தேன்.
முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"கூடைக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு,"
வாங்கைப் பார்த்தபடி சொன்னான் டெனிஸ்டன்.
"மேல இருந்து சொல்றாங்க. அப்பா எழுதுறாரு."

"அன்னைக்கு மழையே இல்ல," என்றாள் கம்சிகா.
கோபமாக அல்ல.
எழுந்து போய் விரலை வைத்தாள்:
சீமெந்துத் தரையில் தராசின் நிழல்,
கத்தரித்து வைத்ததுபோல், காய்ந்து.

டெனிஸ்டன் எழுந்தான்.
வெளியே போகிறான் என்று நினைத்தேன்.
சோக்கை எடுத்தான்.
முந்நூறைப் பத்தொன்பதால் வகுத்தான்.
பதினைந்து. புள்ளி ஏழு. எட்டு. ஒன்பது. நான்கு.
தோடம்பழம்போல் இது முடிவதாக இல்லை.
கரும்பலகை தீர்ந்து
சுவரில் இரண்டு இலக்கம் எழுதிய பிறகும்
மீதி இருந்தது.
"எங்க நிப்பாட்டணும் டீச்சர்?"
இரண்டு தசமதானம் போதும்
என்கிறது பாடப்புத்தகம்.
நான் சொல்லவில்லை.

பின்னேரம் பதிவேட்டில் எழுதினேன்.
காணொளியின் பெயர்: சதவீதம்.
நீளம்: 47 வினாடி.
மாணவர் ஈடுபாடு: மிக நன்று.
எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டேன்,
கம்சிகாவுக்காக என்று
எனக்கே சொல்லிக்கொண்டு.

சாக்குத் திரையைச் சுருட்டும்போது
மறுமுனையை யாரோ பிடித்தார்கள்.
"நாளைக்கும் இதையேதான் போடுவீங்களா?"
போடச் சொல்கிறானா, வேண்டாம் என்கிறானா,
அந்தக் குரலை வைத்து
எனக்குத் தெரியவில்லை.