ஏனையவை

கொழும்பிலிருந்து சம்மாந்துறைக்கு வந்த படிவம்
ஐந்து பக்கம்.
ஏழாம் கேள்வி:
விஞ்ஞானத் துறையில் உமக்கு ஆர்வமூட்டியவர் யார்?
பெற்றோர். ஆசிரியர். தொலைக்காட்சி. ஏனையவை.
ஏனையவைக்குப் பக்கத்தில்
அரை அங்குலக் கோடு.

ஆசிரியர் என்று போடலாமென்றால்
பௌதிகத்துக்கு ஆளில்லை எங்களுக்கு.
இடமாற்றம் வாங்கிப் போனவரின் கதிரையில்
இரண்டு தவணையாக
வெண்கட்டிப் பெட்டி இருக்கிறது.
பெற்றோர் என்றால்
உம்மாவுக்கு நான் டொக்டர்.
வாப்பாவுக்கு நான் எதுவானாலும் சரி,
பஸ்ஸில் இருட்டி வராவிட்டால்.

அரை அங்குலத்தில் எப்படி எழுதுவது
ஹயாத்து முதலாளியின் ஸ்டோரை?

பெரும்போகத்து நெல்.
மூடையில் கம்பியைக் குத்தி
ஒரு கைப்பிடி எடுத்து
மெஷினின் வாயில் போட்டார்.
பதினெட்டு, என்றது அது.
ஈரம் கூட, என்றார் அவர்.
மூடைக்கு மூன்று கிலோ கழிந்தது.
வாப்பா தலையாட்டினார்,
மெஷினுக்கா அவருக்கா, தெரியவில்லை.
மெஷினின் முதுகில்
சரிபார்த்த திகதி ஒட்டியிருந்தது.
அந்தத் திகதியில் நான் ஆறாம் வகுப்பு.

கம்பி போட்ட ஓட்டையால் சிந்திய நெல்லை
காற்றுப் புகாமல் பையில் இறுக்கி முடிந்தேன்.
நகைக்கடைத் தராசில் நூறு கிராம்.
பாண் வெந்து முடிந்த பிறகு
ரிஹாமாவின் மாமாவுடைய போறணையில்
ஓர் இரவு.
விடிய நிறுத்தால்
எண்பத்தாறு.
எங்கோ பிழை விட்டிருப்பேன் என்று
மிச்சத்தில் இன்னொரு நூறு வைத்தேன்.
எண்பத்தாறு.

வாப்பா கொப்பியைக்
கிட்டப் பிடித்துப் பார்த்தார்,
எட்டப் பிடித்துப் பார்த்தார்.
"கணக்குச் சரிதான் புள்ள.
உரமும் அவருக்கிட்டத்தான் கடன்."
மண்வெட்டி கழுவப் போய்விட்டார்.

கோபம் ஒரு கிழமை இருந்தது.
பிறகு இரவில் படுத்துக்கொண்டு
அந்த மெஷினைக் கழற்றத் தொடங்கினேன்,
மனதுக்குள், ஆணி ஆணியாக.
பொய் எந்த இடத்தில் இருக்கும்?
வயரிலா, பட்டரியிலா,
வாசித்துச் சொல்கிறவர் நாக்கிலா?
தூக்கம் வரும்வரை கழற்றுவேன்.
இன்னும் முழுதாகக் கழற்றி முடியவில்லை.

மணி அடிக்கப் போகிறது.
படிவம் சேர்க்கிறவர்
வாங்கு வாங்காக வருகிறார்.
அரை அங்குலத்தில் எழுதினேன்:
நாலு.

"ஆளின் பேரல்லவா மகள் கேட்டிருக்கு?"
"பேரில்ல சேர்.
வித்தியாசம்."