சனிக்கிழமைப் புகை

எழுது, தம்பி.
கோவாவில் உள்ள பரிசுத்த விசாரணைச் சபைக்கு,
கூலிக்கு வேவு பார்க்கும் கஸ்பார் மச்சாது,
தூத்துக்குடிக்காரன், முத்துக்குளித்தவன் மகன்,
சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சத்திரத்திலிருந்து
கைகூப்பிச் சொல்லிக்கொள்வது.

நீங்கள் கொடுத்த பட்டியலை மடியிலேயே வைத்திருந்தேன்.
உப்புப் பொதி மாடுகளோடு கணவாய் கடக்கும்போது
நனைந்தும் ஒரு வரி அழியவில்லை.

பன்றி தின்னாதவர்கள் என்பது முதல் வரி.
தறிக்காரத் தெருவில் விசாரித்தேன்,
ஒரு வீட்டிலும் தின்பதில்லை.
வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கேற்றுகிறவர்கள்.
தெரு முழுவதும் ஏற்றியது.
சாவு விழுந்தால் வீட்டுத் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள்.
திருமணிமுத்தாற்றங்கரைக்கு ஒரு பிணத்தின் பின்னாலேயே போனேன்,
குடத்தையே உடைத்தார்கள்.
புரட்டாசிச் சனிக்கிழமை நாமம் போட்டுக்கொண்டு
பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்களை எண்ணத் தொடங்கி
நூற்று நாற்பதில் விட்டுவிட்டேன்.
உங்கள் பட்டியல்படி பார்த்தால், ஐயா,
இந்த ஊரில் யூதன் அல்லாதவன் நான் ஒருவன்தான்.

என் அம்மா செத்தபோது
எங்கள் வீட்டுப் பானையையும் கவிழ்த்தார்கள்.
இதை எழுதாதே.

இனி, புகை.
சனிக்கிழமை உயரமான இடத்தில் ஏறி நின்று
எந்தக் கூரை புகையவில்லை என்று பார், என்றீர்கள்.
கொச்சியில் அப்படித்தான் பார்த்தேன், மாதா கோயில் மணிக்கூண்டிலிருந்து.
ஒரே ஒரு ஓட்டு வீடு. கிளி வளர்த்தார்கள்.
அதற்கு எனக்கு ஆறு வெள்ளிக்காசு வந்தது.
அந்த வீட்டுக்காரரை நீங்கள் எரித்த அன்று நான் கடலில் இருந்தேன்.
திரும்பி வந்து, கிளி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.
யாருக்கும் தெரியவில்லை.

சேலத்தில் கோட்டைப் பக்கத்து மேட்டில் நின்றேன்.
பதினோரு கூரை புகையவில்லை.
பதினோரு கதவையும் தட்டினேன்.
அரிசி இல்லை.
மழை பொய்த்து இது இரண்டாம் வருஷம்.
ஒரு வீட்டில் அடுப்புக்குள் பூனை படுத்திருந்தது,
அந்த வீட்டுப் பிள்ளை என் மடியில் துருத்திய பட்டியலைப் பார்த்து
அவல் பொட்டலமா என்றது.

பிறகு சேர்வராயன் மலைக்குப் போனேன்.
பிரித்தீசு தியாசு என்கிற விதவை, மகளோடு,
மூங்கில் குடிசையில் இருப்பதாகச் சந்தனக்கட்டை வியாபாரி சொல்லியிருந்தான்.
வெளியூரிலிருந்து வந்து தங்கியவர் உண்டா என்று மலைக்காரர்களைக் கேட்டேன்.
நாங்க எல்லாருமே காஞ்சியிலேருந்து ஏறி வந்தவங்கதான், என்றார்கள்.
சனிக்கிழமை விடிந்தது. பாறைமேல் உட்கார்ந்தேன்.
கூரையெல்லாம் புகைந்தது. பலாமரமெல்லாம் புகைந்தது.
ஏரி புகைந்தது. நீட்டிய என் கை புகைந்தது.
பனி எது, அடுப்பு எது என்று
சபை முழுவதும் வந்து உட்கார்ந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.
ஆகவே அப்படி ஒருத்தியை நான் காணவில்லை.

ஆள் அகப்படாவிட்டால் வைக்கோலில் பொம்மை கட்டி
பெயர் எழுதி எரிப்பது உங்கள் வழக்கம்.
அதற்கு உயரம் கேட்டிருந்தீர்கள்.
உயரம் தெரியாது.
அவள் எழுந்திருக்கவே இல்லை.
ஆறிய அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தபடி
முந்தின நாள் வடித்த சாமைச்சோற்றை மோர் விட்டுப் பிசைந்து
மகளுக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை.
என் பேச்சில் கொச்சி வாடையைக் கண்டுகொண்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
உப்பு போதுமா என்றுதான் கேட்டாள்.

அடி, தம்பி. உயரத்துக்குப் பிறகு சொன்னதையெல்லாம் அடி.
கீறின ஓலையில் எப்படி அடிப்பது என்கிறாயா?
சரி, அதை இப்படிக் கொடு.
வேறு ஓலை எடு.

எழுது:
மலையில் பனி அதிகம்.
வழிச்செலவு இன்னும் வந்து சேரவில்லை.