ஐந்தாவது மடு

ஊத்துக்கோட்டையில் இறங்கும்போதே
கடைப்பலகைகள் பாதி தெலுங்குக்கு மாறியிருந்தன.

எனக்கு வேலை குடிநீர் வாரியத்தில்,
புகார்ப் பிரிவு, மூன்றாம் நாற்காலி.
"நாலு நாளா வரலை மேடம்."
"வந்துச்சு, ஒரே சாக்கடை நாத்தம்."
"பக்கத்து வீட்டுக்கு வருது, எங்களுக்கு மட்டும் ஏன்?"
பதினொரு வருடமாகத் தண்ணீரைக்
காதால் மட்டுமே அறிந்தவள்.
தஸ்தகீர் வால்வு திறப்பவன்.
அவனுக்குத் தண்ணீர் என்பது
இடமிருந்து வலமாகப் பதினாறு சுற்று.

நம் குழாய்க்கு வருவதில் ஒரு சொட்டாவது
இந்த மலையில்தான் புறப்படுகிறது என்பது அவன் கணக்கு.
வரைபடம் ஒப்புக்கொள்ளவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, போய்ப் பார்த்துவிடலாம் என்றோம்.

நஞ்சு குடித்த களைப்பில் சிவனே
கால் நீட்டிப் படுத்துவிட்ட சுருட்டப்பள்ளியைத் தாண்டி
ஷேர் ஆட்டோ இறக்கிவிட்ட இடத்தில்
ஆறு வெறும் மணலாக இருந்தது.
ஒரு லாரித் தடம். ஒற்றைச் செருப்பு.
நடந்தோம்.
ஒரு மணி நேரம் கழித்துத்தான்
மணல் நிறம் மாறியது, பிறகு ஈரம்,
பிறகு கூச்சத்தோடு ஒரு நூல் தண்ணீர்.

சாவடியில் வனக்காவலர் நரசிம்முலு
நாங்கள் வாய் திறந்ததும் எழுந்து நின்றார்.
தமிழ் பேசிக்கொண்டு இந்த மலை ஏறுகிறவன்
செம்மரத்துக்குத்தான் வருவான்.
பையைக் கவிழ்த்தார்:
புளிச்சோறு, டார்ச்,
இருபதடி நைலான் கயிறு.
கயிற்றை வெகுநேரம் பார்த்தார்.
"எந்துக்கு?"
"வழுக்கும்னு சொன்னாங்க."
"எவரு?"
யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை.

நம்பாததால் கூடவே வந்தார்.

முதல் மடுவில் பீர் பாட்டில்கள்,
கல்யாணத்துக்கு முந்தியே நனைந்து
படமெடுத்துக்கொள்ளும் ஒரு ஜோடி.
இரண்டாவதில் ஷாம்பு உறைகள்.
மூன்றாவதில் பாறைமேல் சுண்ணாம்பில்
'வெங்கடேஷ்', ஒரு கூட்டல் குறி,
அதற்கப்புறம் மழை.

மடுகு என்றார் அவர்.
மடு என்றேன் நான்.
தண்ணீர் இரண்டுக்கும் ஆழமாகவே இருந்தது.

அதுக்கு மேல?
"தெலியது" என்றார்.
பதினைந்து வருட வேலையில் அவர் ரோந்து
மூன்றாவது மடுவோடு முடிந்துவிடும்.
முன்னே போக எங்களில் யாருக்கும் வழி தெரியாது,
ஆற்றைத் தவிர.

நீர்மருது வேர்களைப் பிடித்து ஏறினோம்.
முதலைத் தோலாய் வெடித்த பட்டையோடு
ஒரு செம்மரம் வந்தது.
அவர் எங்களைப் பார்த்தார்.
நாங்கள் தரையைப் பார்த்தோம்.
மரம் பாவம், அது யாரையும் பார்க்கவில்லை.

நாலாவதுக்கு மேலே பாசிப்பாறையில்
முதலில் சறுக்கியது அவர்தான்.
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டைத்
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.
தஸ்தகீர் கயிறை வீசினான்.
மேலே வந்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை.
கயிறை அவரே சுருட்டித்
தன் தோளில் போட்டுக்கொண்டார்.

அருவி, குற்றாலம் மாதிரியெல்லாம் இல்லை.
மூன்று ஆள் உயரம்.
ஊரே தூங்கும்போது யாரோ
திறந்துவிட்டு மறந்ததுபோல் விழுந்தது.
தஸ்தகீரின் வலது கை
காற்றில் எதையோ மூடப் பார்த்து நின்றது.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
அத்தனை பேர் குரலும் அந்த இரைச்சலில் கரைந்தது,
மாம்பலமும் கொருக்குப்பேட்டையும்.
காக்கியைக் கழற்றிப் புதரில் தொங்கவிட்டு
பனியனோடு போய் உட்கார்ந்தார் நரசிம்முலு.
கொஞ்ச நேரம் அந்தக் காட்டுக்குக்
காவல், ஒரு சட்டை மட்டும்.

பெயர் கேட்டேன்.
"பேரு லேது."
வைக்கலாமா என்று யோசித்து
புளிச்சோறு சாப்பிட்டோம்.

இறங்கியதும் பதிவேட்டில்
வந்த காரணம் என்ற கட்டத்தில்
அவராகவே ஒரு சொல் எழுதினார்.
எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது.
சின்னச் சொல்தான், வளைவு வளைவாக.

ஊத்துக்கோட்டையில் சிக்னல் வந்தது.
பதினான்கு தவறிய அழைப்புகள்.
கடைசியாகக் கூப்பிட்டவர்
என் எண்ணை எப்படிப் பிடித்தாரோ, வியாசர்பாடி,
அஞ்சாவது குறுக்குத் தெரு.
"எப்பதான் மேடம் வரும்?"

ஷூவுக்குள் இன்னும் சளசளத்தது.

"கிளம்பிடுச்சு சார்" என்றேன்.
"நானே பார்த்தேன்."