ரம்பொடை இறக்கம்

ஆரஞ்சு வயரின் மூட்டுக்குள்
ஒரு சொட்டுப் பனி.
அவ்வளவுதான் அதற்கு வந்த வருத்தம்.
நுவரெலியா ஹோட்டல் முற்றத்தில்
இரண்டு நாளாய்ப் படுத்துக் கிடந்தது
கொழும்பிலிருந்து வந்த அந்த மஞ்சள் வண்டி.
கம்பளையில் பழைய ஹைபிரிட் பற்றரிகளைப்
பிரித்துப் பூட்டுகிற என்னை
விடியுமுன் திரீவீலர் அனுப்பிக் கூட்டி வந்தார்கள்.

துடைத்தேன். ஊதினேன். மறுபடி பூட்டினேன்.
எச்சரிக்கை விளக்கு அணைந்தது.
"ஓட்டிப் பார்த்தால்தான் சொல்லலாம்."
விதானகே என் ரப்பர் சப்பாத்தைப் பார்த்தார்,
பிறகு கைகளை.
சாவியைத் தந்தார்.

கதவு மேல்நோக்கித் திறக்கிறது.
இதில் ஏறுவதில்லை, இறங்க வேண்டும்.
உட்கார்ந்ததும் மலை மாறிவிட்டது:
இத்தனை வருஷமும் தேயிலையின் தலையைத்தான் பார்த்திருக்கிறேன்,
இப்போது தூர் தெரிகிறது,
கவ்வாத்து விழுந்த முடிச்சுகள்,
வேரடியில் சிக்கிய பிஸ்கட் உறை.

முதலில் மின்சாரம் மட்டும்.
லபுக்கலையில் ரோட்டோர நாய்
காதைக்கூட அசைக்கவில்லை.
கொழுந்துக்குப் போகிற நாலு பேர்
நடுரோட்டில், முதுகு காட்டி.
ஹோர்ன் அடிக்க வெட்கமாயிருந்தது.
கண்ணாடியை இறக்கிவிட்டுப் பின்னாலேயே ஊர்ந்தேன்.
சம்பளக் கதை. பாதி கேட்டது.

வளைவு தாண்டி ரோட்டு காலியானதும்
மிதித்தேன்.

முதுகுக்குப் பின்னால் எட்டு சிலிண்டரும் விழித்தன,
தொழிற்சாலையின் ரோலர்கள் எல்லாம்
ஒரே சுவிட்சில் சுழலத் தொடங்கியது போல,
ஆனால் என் விலாவுக்குள்.
இரண்டாம் கியர் முடியுமுன்
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன்.
விதானகே சிரித்தார்.
அந்தளவு தமிழ் தெரியும் போல.

கொண்டை ஊசியில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.
அதற்கு இருந்தது.
முன் சக்கரங்களுக்குத் தனித்தனி மோட்டர்:
வெளிச்சக்கரம் இழுக்க, உட்சக்கரம் விட்டுக்கொடுக்க,
சந்தைக் கூட்டத்தில் தோள் ஒடுக்கி நுழைகிறவள் மாதிரி
மூக்கை உள்ளே கொண்டுபோனது.
பிரேக்கில்தான் ஒரு குறை.
முதலில் மோட்டர் பிடிக்கிறது, பிறகு தட்டு.
அந்தக் கைமாற்றம் ஒரு நூலளவு
என் பெருவிரலில் இடறியது.
வாங்கினவருக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

இறக்கம் முழுக்கப் பற்றரி ஏறிக்கொண்டிருந்தது.
முப்பத்தொன்று. நாற்பது. நாற்பத்தாறு.
கீழே போகப் போகச் சேர்கிறது!
தேயிலைப் பெட்டி இறங்கும், கரட் லொறி இறங்கும்,
வெள்ளவத்தைக் கடைக்கு என் தம்பி கோகுலன் இறங்கினான்.
இறங்கினதில் மலைக்கு என்ன சேர்ந்தது என்று
எந்த டாஷ்போர்டும் எண் காட்டியதில்லை.

மண் சரிந்து பாதி ரோட்டு போன இடத்தில்
சிவப்புப் பஸ் முட்டிக்கொண்டு நின்றது.
மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர்
"பின்னுக்கு எடு நங்கி" என்றான்.
இதற்கு ரிவர்ஸ் கியரே கிடையாது,
செய்தவர்கள் அந்தப் பாரத்தையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.
பின்னால் போவது மின்சாரத்தின் வேலை.
ஆயிரம் குதிரைகள்
வாயைப் பொத்திக்கொண்டு
அறுபது அடி பின்னே நடந்தன.
நாற்பத்தைந்து என்றது திரை.
பஸ் உரசாமல் போனது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு
கூரையை இரண்டு தட்டுத் தட்டியது.
விதானகே கண்ணை மூடிக்கொண்டார்.

சுரங்க வாயில் நான் இறங்கிக்கொண்டேன்.
கூலி கேட்டார். வாய்க்கு வந்த தொகையைச் சொன்னேன்.
பேரம் பேசாமல் கொடுத்தார்,
அதுதான் கொஞ்சம் சுட்டது.

கம்பளை பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன்.
டிரைவர் பிரேக் மிதிக்கும்போதெல்லாம்
என் வலது கால்
அந்த நூலளவைத் தேடியது.